பழி தாங்கும் தோள்

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. சென்னைக்கோ மதுரைக்கோ ரயில் பிடிக்க வேண்டுமானால் அரியலூருக்குத்தான் போக வேண்டும். பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர் மாவட்டத்து வயல்களை நனைத்து வரும் மருதையாறும் அரியலூர்ப் பக்கம் போய்த்தான் கொள்ளிடத்தில் கலக்கிறது. அந்த ஆற்றை ரயில் பாதை கடக்கும் இடத்தைப் பற்றி, நவம்பர் மழை தொடங்கினால் இரண்டு மாவட்டத்துப் பெரியவர்களும் இன்னும் பேசுகிறார்கள்.

1956 நவம்பர் 23. முந்தைய இரவு சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கி விடியும் முன் போய்க்கொண்டிருந்தது. மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் அதையடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது 2007-இல், அதே நவம்பர் 23 அன்று. அதனால் மாவட்டத்தின் பிறந்த நாளும் இந்தத் துக்க நாளும் ஒன்றாகவே வருகின்றன.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அந்தப் பாலத்தைக் கட்டியவர் அவரில்லை. அன்றிரவு பாதையைப் பார்த்திருக்க வேண்டியவரும் அவரில்லை. ஆனாலும் ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே பதவி விலக முன்வந்தார், நேரு சம்மதிக்கவில்லை. இந்த முறை சம்மதித்தார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக இதை ஏற்கவில்லை, அரசியல் சாசன மரபுக்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார். 1957 தேர்தலில் தமிழ்நாட்டு மேடைகளில் தி.மு.க. எழுப்பிய முழக்கம், ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரோடு அரியலூரைச் சேர்த்துக் கட்டியது. அதை இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு.

ஒரு ராஜினாமாவால் என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போன உயிர் வரவில்லை, விபத்துகளும் அதோடு நிற்கவில்லை. ஆனால் எந்த விபத்திலும் விரல் கீழ்நோக்கியே நீளும். கடைசியில் யாரோ ஒரு கடைநிலை ஊழியர் தலையில் போய் நிற்கும். சாஸ்திரி அந்த விரலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பயனைப் புரிந்துகொள்ள, பாதையில் நடப்பவரின் வேலையைப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் ரயில்வே ஊழியர்கள் இரவு முழுக்கத் தண்டவாளத்தின் ஓரம் ரோந்து போகிறார்கள். கையில் விளக்கு, ஆபத்து என்றால் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள், ஒரு ரோந்துப் புத்தகம். ஸ்டேஷன் மாஸ்டர் அதில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவார். குறித்த நேரத்துக்குள் ரோந்துக்காரர் வந்து சேரவில்லை என்றால், பாதையில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொண்டுதான் அடுத்த வண்டியை எச்சரிக்கையோடு அனுப்ப வேண்டும். கொட்டுகிற மழையில் அவர் முழுத் தூரமும் கவனித்து நடந்தாரா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. பெரும்பாலான இரவுகளில் எதுவும் நடக்காது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் நடக்கிறாரே, அதுதான் நேர்மை.

அவருக்கு மேலே இருப்பவரின் நேர்மை எங்கே தெரியும்? ரோந்துக்காரர் சந்தேகப்பட்டு வண்டியை நிறுத்தியபின் பாதை சரியாகவே இருந்தது என்றால், மறுநாள் அவரை என்ன சொல்கிறார் என்பதில். "உன்னால வண்டி லேட்" என்று ஒரு முறை திட்டினால் போதும். அடுத்த மழையில் விளக்கைத் தூக்கக் கை தயங்கும். பழியை மேலே இருப்பவர் தாங்குவார் என்று தெரிந்த இடத்தில்தான் கீழே இருப்பவர் விரிசலை மறைக்காமல் சொல்வார்.

இது ரயில்வேக்கு மட்டும் உரியதல்ல. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியைப் பார்த்து "லோடு அதிகம், இறக்கு" என்கிற சூப்பர்வைசருக்கு, நிர்வாகம் துணை நிற்க வேண்டும். பால் சொசைட்டியில் அளவு தவறினால், செயலாளர் முதலில் தன் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். அலுவலகத்தில் "அது என் சீட் இல்லை" என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படும் முதியவருக்கு, எந்த சீட் என்று எழுந்து வந்து காட்ட ஒருவர் வேண்டும். இதற்கெல்லாம் யாரும் பதவி விலகத் தேவையில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் உள்ள நமக்கு அது முடியவும் முடியாது. "இதற்கு நான் பதில் சொல்கிறேன்" என்று சொல்வது எல்லோராலும் முடியும்.

உங்கள் ஆலையில், பள்ளியில், அலுவலகத்தில் அப்படிச் சொல்லி உங்களைக் காத்து நின்ற ஒரு மேலதிகாரி இருந்திருப்பார். அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், முதலில் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்