ஒரு மண்டலத்தில் ஆறாத முட்டி

முட்டி மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். மறுநாள் எழுந்து நிற்க வேண்டும். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க வேண்டும். பதினைந்தாம் நாள் தையல் பிரிப்பார்கள். ஒரு மண்டலம் கழிந்தால் ஆள் பழையபடி ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால்? ஒன்று, டாக்டர் சொதப்பியிருக்க வேண்டும். அல்லது கட்டிலில் கிடப்பவர் சோம்பேறியாக இருக்க வேண்டும். டாக்டரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆகவே பழி பெரும்பாலும் கட்டிலுக்கே போகிறது. "சொன்ன எக்ஸர்சைஸை ஒழுங்காச் செஞ்சிருந்தா இந்நேரம் சரியாயிருக்குமே" என்ற வசனத்தைக் கேட்காத மூட்டு நோயாளி தமிழ்நாட்டில் இருப்பாரா என்று தெரியவில்லை.

இந்தக் கணக்கு தப்பு. இதை நம்பிக்கொண்டு இன்னும் வலியில் இருப்பவர்களை நாம் நடத்துகிற விதம் அதைவிடத் தப்பு.

கணக்கு எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. புறவழிச்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளைப் பார்த்தாலே போதும். காலையில் ஆபரேஷன், மாலையில் நடை. பட்டுப்புடவை கட்டிய பாட்டி ஒருத்தி மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பாள், முகத்தில் ஒரு சுளிப்பும் இராது. போதாதற்கு வாட்ஸப்பில் வரும் வீடியோக்கள். இவை பொய் என்று சொல்ல மாட்டேன். அன்றே நடக்க வைப்பது உண்மைதான். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது நல்லதும்கூட. ஆனால் அந்த நடையைக் காட்டி 'குணமாகிவிட்டது' என்று நம்ப வைக்கிறார்களே, வியாபாரம் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? முட்டிக்கு மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குத் தோலைக் கீறுகிறார்கள். தொடையின் முன்தசை முட்டிச் சில்லோடு சேரும் இடத்தைப் பிரித்துச் சில்லை ஒதுக்குகிறார்கள். தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, மேலே கோபால்ட்-குரோமிய உலோகத் தொப்பியும், கீழே உலோகத் தட்டும், நடுவே பாலிஎத்திலீன் பலகையும் வைக்கிறார்கள். பெரும்பாலும் சிமெண்ட் வைத்துத்தான் இவற்றை எலும்போடு ஒட்டுகிறார்கள். அந்தச் சிமெண்ட் சுமார் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். மறுநாளே ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால் சிமெண்ட் இறுகிவிட்டது என்று பொருள். அவருடைய தோலும் தசையும் நரம்பும் தங்கள் வேலையை இப்போதுதான் ஆரம்பித்திருக்கின்றன.

அந்த வேலை மாதக்கணக்கில் நடக்கும். வீக்கம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஏறி இறங்கும். தொட்டால் மற்ற முட்டியைவிட இது சூடாக இருப்பதும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். தழும்புக்கு வெளிப்புறம் ஒரு கைப்பிடி அளவுக்கு மரத்தே கிடக்கும். தோலைக் கீறும்போது அந்த வழியாக ஓடும் சின்ன நரம்புக் கிளை அறுபடுவதைத் தவிர்ப்பது கடினம். சிலருக்கு அந்த மரப்பு முழுதாகப் போவதே இல்லை. நடக்கையில் 'டொக் டொக்' என்று உலோகமும் பிளாஸ்டிக்கும் முட்டும் சத்தம் கேட்கும். பகலெல்லாம் பரவாயில்லை என்று இருக்கும் வலி ராத்திரி படுத்தவுடன் குடைய ஆரம்பிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குப் பாதி பயம் குறைந்திருக்கும். சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குகிற தாளில் எங்கோ இருக்கலாம். அதை யார் படிக்கிறார்கள்?

பலம் திரும்புவதும் இதே கதைதான். தொடையின் முன்தசை முதல் மாதத்தில், ஆபரேஷனுக்கு முன்பு இருந்த பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது என்று அளந்து பார்த்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை நரம்புகளே அந்தத் தசையை முழுதாக இயங்க விடுவதில்லை. நோயாளி எவ்வளவு மனது வைத்தாலும் தசை எழும்பாது. இதை 'வைராக்கியம் இல்லை' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மதுரையில் என் பெரியம்மாவுக்கு இடது முட்டியை மாற்றி இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் போயிருந்தேன். பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியை முட்டியின் பக்கத்தில் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தினம் ஒருவர் பார்ப்பார். வீட்டில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அது அறிவிக்கப்படும். அன்றைக்கு எண்பதுக்குக் கீழே. பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, "இன்னுமா வாக்கரு? எங்க சம்பந்தியம்மா ரெண்டு முட்டியும் மாத்திக்கிட்டு பதினஞ்சாம் நாளே அடுப்படிக்கு வந்துட்டாகளே" என்றார். பெரியம்மா சிரித்தபடியே, "அவுக புண்ணியம் பண்ணவுக" என்றார். எதிர்வீட்டு அம்மாள் போனதும் என்னைக் கூப்பிட்டு, "இந்த வாக்கரை பீரோவுக்குப் பின்னால தள்ளி வைப்பா. நாலு பேரு வந்து போற வீடு" என்றார். அதன் பிறகு ஆள் வரும் நேரமெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போனார். ஈரத் தரையில், புது முட்டியோடு. விழுந்திருந்தால் தொடை எலும்பு உடைந்திருக்கலாம். அந்த அம்மாளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வரவில்லை. அவர் அன்பாகத்தான் வந்தார். அவர் கையில் இருந்தது ஊருக்கே பொதுவான கணக்கு.

சரி, அந்தச் சம்பந்தியம்மாள் மாதிரி எத்தனை பேர் தேறுகிறார்கள், எத்தனை பேர் தேறுவதில்லை? இதைப் பல நாடுகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூட்டு மாற்றிக்கொண்ட 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவர் ஆபரேஷனில் தமக்குத் திருப்தி இல்லை என்றார். இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2012இல் பிரிட்டனில் எழுதப்பட்ட கட்டுரை ஒன்று, மூட்டு மாற்றியவர்களில் 10 முதல் 34 சதவீதம் பேருக்கு நீண்ட நாள் வலி மிஞ்சுவதாகக் கண்டது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 20 சதவீதம். பணமும் பிசியோதெரபியும் இருக்கிற நாடுகளின் கதை இது. ஒன்டாரியோவில் ஐந்தில் ஒருவர் சோம்பேறியா? மற்ற நாடுகளில் ஐந்தில் ஒருவருக்குப் பயிற்சி செய்ய மனமில்லையா?

வலி மிஞ்சுவதற்குக் காரணங்கள் பல. ஆபரேஷனுக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமந்த உடம்பில் நரம்பு மண்டலமே வலிக்குப் பழகி, சின்னத் தொடுதலையும் பெரிதாக்கிக் காட்டத் தொடங்கியிருக்கலாம். முட்டியில் தெரியும் வலியின் வேர் இடுப்பு மூட்டிலோ முதுகுத்தண்டிலோ இருக்கலாம். வைத்த பாகம் ஒரு மயிரிழை திரும்பி உட்கார்ந்திருக்கலாம். உள்ளே தழும்புத் திசு கூடுதலாக வளர்ந்து மூட்டை இறுக்கியிருக்கலாம். கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பதும் உண்மை. இவற்றில் எதையும் எதிர்வீட்டிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதம் மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு இறுகும். இறுகிய மூட்டை மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டி வந்தால், அதையும் அந்த மூன்று மாதத்துக்குள் செய்வதே நல்ல பலன் தரும். நான் எதிர்ப்பது 'அழ அழ மடக்கினால்தான் சரியாகும்' என்ற முரட்டுப் பக்தியை. இன்று அதிகமாகச் செய்து, நாளைக்கு முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கினால், அந்த வீக்கமே தசையை முடக்கிப் போடும். இரண்டு நாள் பயிற்சி போகும். பிசியோ தெரிந்தவர்கள் வீக்கத்தைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வலி மாத்திரை விஷயத்திலும் இதே வீம்புதான். கிட்னி போய்விடும் என்று பயந்து ஒன்றும் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். வலியில் மடக்கவே முடியாது. கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் சில மாத்திரைகளைத் தொடக் கூடாது என்பது சரி. அதற்காக எல்லா மாத்திரையையும் தள்ள வேண்டுமா? எதை, எத்தனை மணிக்கு, பயிற்சிக்கு எவ்வளவு முன்னால் என்று டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டால் அதே முட்டி கூடுதலாக மடங்கும்.

(மூட்டு வலிக்கென்று குடிக்கும் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைப் பற்றியும் கேட்பார்கள். சூப் நன்றாகத்தான் இருக்கும். குடியுங்கள். உலோக மூட்டைச் சுற்றியுள்ள நரம்பு அதனால் வளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.)

எலும்பு மருத்துவர்கள் சிலர் என்னிடம் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. ஐந்தில் ஒருவருக்கு வலி மிஞ்சும் என்று வெளிப்படையாகச் சொன்னால் மீதி நான்கு பேரும் பயந்து வராமல் போவார்கள், முடங்கியே கிடப்பார்கள் என்கிறார்கள். இந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. அடல் பிகாரி வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000 அக்டோபரில் மும்பையில் இடது முட்டியையும், 2001 ஜூனில் வலது முட்டியையும் மாற்றிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதரே செய்துகொண்டாரே என்று தைரியம் வந்தவர்கள் பலர். நல்ல அறுவை இது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி மாற்றிய முழு மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்குகின்றன. கடைவீதிக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள் திருச்செந்தூர் போய் வருகிறார்கள். நான் எதற்கு இதை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்?

ஆனால் மறைப்பதால் விளைவது என்ன என்று அந்த மருத்துவர்கள் பார்ப்பதில்லை. அதை வீட்டில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். ஏமாந்துபோனவர் பேசாமல் ஆகிவிடுகிறார். ரிவியூவுக்குப் போனால் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து "எல்லாம் பெர்ஃபெக்ட்மா" என்பார்கள். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், வலி தெரியாது. அடுத்த முறை போக அவருக்கே கூச்சமாக இருக்கும். இந்தக் கூச்சத்தில்தான் உண்மையான ஆபத்தும் ஒளிந்துகொள்கிறது. ஆறிய தையலிலிருந்து மறுபடி நீரோ சீழோ கசிவது, காய்ச்சல், நன்றாக இருந்த முட்டியில் திடீரென்று புதிதாக வரும் வலி, கெண்டைக்காலில் வீக்கத்தோடு வரும் கடுப்பு, இவை காத்திருக்கக் கூடாதவை. முதல் மூன்றும் கிருமித் தொற்றாக இருக்கலாம், கடைசியாகச் சொன்னது ரத்த உறைவாக. கூடவே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 'எனக்கு எப்பவும் வலிதானே, சொன்னா என்னையத்தான் திட்டுவாக' என்று இருந்துவிடுபவர் இவற்றையும் சொல்லாமல் இருந்துவிடுவார்.

இன்னொரு பக்கம், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி போகவில்லை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, காரணம் தெரியாமலே மறுபடி திறந்து மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. காரணம் கண்டுபிடிக்காமல் செய்யும் மறு ஆபரேஷனில் வலி தீர்வது அரிது. நிலத்தை விற்றுக்கூடச் செய்வார்கள். முதலிலேயே ஓராண்டுக் கணக்கைச் சொல்லியிருந்தால் நான்காம் மாதத்தில் இந்த அலைச்சல் தொடங்கியிருக்காது. ஓராண்டுவரை முட்டி தேறிக்கொண்டே வரும். அதற்குப் பிறகும் கொஞ்சம் தேறும். மடங்குவது பெரும்பாலும் 110, 120 டிகிரியோடு நின்றுவிடும். நாற்காலியில் உட்கார, படி ஏற அது தாராளம். தரையில் சம்மணம் போட அது போதாது. இதையும் முன்பே சொல்ல வேண்டும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டே பழகியவர்களுக்குக் கட்டாயமாக.

இப்படி மிஞ்சும் வலிக்குப் பிரிட்டனில் ஒரு வழி செய்து பார்த்தார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதத்திலும் வலி அதிகமாக இருப்பவர்களை மட்டும் தனியே கூப்பிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்துக் கேட்டார். காரணத்துக்கு ஏற்றபடி எலும்பு மருத்துவரிடமோ, வலி நிபுணரிடமோ, பிசியோவிடமோ அனுப்பினார்கள். பிறகு ஓராண்டுவரை போனில் விசாரித்தார்கள். 2022இல் வெளியான முடிவில், இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களின் வலி மற்றவர்களைவிடச் சற்றே குறைந்திருந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் புதுக் கருவியோ புது மருந்தோ தேவைப்படவில்லை.

நம் நாட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட்-குரோமிய மூட்டு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல காரியம். உலோகத்துக்குக் கணக்கு வந்துவிட்டது. அந்த உலோகத்தோடு வீட்டுக்குப் போகிற ஆளின் மூன்றாம் மாதத்துக்கு எந்த பில்லிலும் ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரி பேக்கேஜ் பெரும்பாலும் தையல் பிரிப்பதோடு முடிகிறது. வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு நாள் கூலி கையிலிருந்துதான் போகிறது. பணம் தீர்ந்த வாரம் பிசியோவும் நிற்கிறது. அதற்குப் பிறகு முட்டி மடங்காவிட்டால் மட்டும் "பயிற்சி செய்யவில்லை" என்கிறோம்.

பேக்கேஜ் பேசப் போகும்போது மெட்டல் அமெரிக்காவா, ஜெர்மனியா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். மூன்றாம் மாதத்தில் வலி மிஞ்சினால் யார் பார்ப்பார்கள், அதற்குத் தனிப் பணமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் போன் நம்பரையும் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.