வாய்திறவாமை ஒழுங்காகுமா?

கீழுள்ளோர் வாய்திறவாதிருப்பதே வைத்தியசாலையின் ஒழுங்கு எனக் கருதுவோர் இன்றும் உளர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் றோயல் வைத்தியசாலையில் நிலவியதும் அவ்வொழுங்கே. குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சையில் மரணங்கள் மிகுவதை மயக்கமருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் 1990 முதல் எடுத்துரைத்தார். மேலிடம் செவிசாய்க்கவில்லை, ஈற்றில் அவர் அவுஸ்திரேலியா சென்றார். 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்டோரில் எதிர்பார்க்கத்தக்க அளவினும் 30 முதல் 35 குழந்தைகள் மேலதிகமாக மாண்டனர் என்றது, இயன் கெனடியின் 2001ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை.

அச்சம் நீங்கினால் கண்டிப்புத் தளருமாம்! ஏமி எட்மன்சன் 1996இல் வெளியிட்ட ஆய்விலோ, நல்ல தலைமை வாய்த்த தாதியர் குழுக்களிலேயே மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கு மிகுந்திருந்தது தவறன்று, அதனைச் சொல்லும் துணிவே என அவர் விளக்கினார். வெறுமையான தவறுப் பதிவேட்டைக் காட்டிப் பெருமிதங்கொள்ளும் பணிப்பாளர்கள், பயிற்சித் தாதி ஒருத்தி தம்மை இறுதியாக எப்போது மறுத்துரைத்தாள் என்பதையும் கூறட்டும்.