காத்திருத்தலும் கணக்குக் கேட்டலும்

இரவுநேரத் தொகுதி வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டாமல் ஏககாலத்தில் ஓடவிடும் வழக்கம் நம் தொழிலில் சர்வசாதாரணமாகிவிட்டது. கட்டளையின் கடைசியில் & குறியை இட்டுப் பின்னணிக்கு அனுப்புவதும், எல்லாம் போனபின் ‘வெயிட்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதும் எவருக்கும் எளிது. 1963-இல் மெல்வின் கான்வே, பிரித்து அனுப்பும் ‘ஃபோர்க்’கையும் மீண்டும் சேர்க்கும் ‘ஜாயி’னையும் ஜோடியாகவே வைத்து எழுதினார், நம்மவர்களோ முன்னதில் காட்டும் உற்சாகத்தில் பாதியைக்கூடப் பின்னதில் காட்டுவதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

யுனிக்ஸ் ஷெல்லில் எந்த எண்ணும் தராமல் வெறும் ‘வெயிட்’ என்று எழுதினால், அது பின்னணிக்குப் போன பிராசஸ்கள் அனைத்தும் முடியும்வரை காத்திருந்து, அவற்றுள் எது ஒழுங்காக முடிந்தது, எது டிஸ்கில் இடமின்றி நடுவழியில் விழுந்தது என்று பாராமல் பூஜ்யத்தையே திருப்பித் தரும் என்பது பாஸிக்ஸ் விதி. பூஜ்யம் என்றால் சுபம் என்று கொள்ளும் அடுத்த வரி, நான்கு பேக்கப்புகளில் மூன்றே உருவாகியிருக்கும் நிலையிலும், பழைய பேக்கப்புகளைத் தாராளமாக அழிக்கத் தொடங்கும். பரிகாரம் கடினமன்று: ஒவ்வொரு கட்டளையையும் அனுப்பிய கையோடு $! தரும் பிராசஸ் எண்ணைக் குறித்து வைத்து, பின்னர் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே ‘வெயிட்’ இட்டு, அதனதன் எக்ஸிட் ஸ்டேட்டஸைக் கேட்டு வாங்கவேண்டும். பாஷில், பைப்புக்கு அப்பால் உள்ள லூப்பிலிருந்து அனுப்பியவை சப்ஷெல்லின் பிள்ளைகளாதலால், தாய் ஷெல்லின் ‘வெயிட்’ அவற்றை அறியவே அறியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

விண்டோஸ் பேட்ச் ஃபைல்களில் நிலைமை இன்னும் மோசம். ‘ஸ்டார்ட்’ ஏவிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘/வெயிட்’ சேர்த்தாலோ, ஏவிய அந்த ஒன்றுக்கே காத்துக் கிடப்பதால் ஏககாலம் என்ற பிரயோஜனமே போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு பிள்ளை ஸ்கிரிப்டும் முடிவில் ஓர் அடையாள ஃபைலை எழுத, தாய் ஸ்கிரிப்ட் சில விநாடிக்கு ஒருமுறை அதைத் தேடும் உபாயம் வழக்கில் வந்தது. நடுவில் மாண்ட பிள்ளை அந்த ஃபைலை எழுதாது. தாயோ, யாரேனும் வந்து நிறுத்தும்வரை தேடிக்கொண்டேயிருக்கும். பவர்ஷெல்லின் ‘வெயிட்-ஜாப்’ கால வரம்பை ஏற்குமாதலால், மாற முடிந்தவர்கள் அதற்கு மாறுவது நலம்.

அன்பர்கள் தம் பொறுப்பிலுள்ள ஸ்கிரிப்டுகளை இவ்வாரமே திறந்து, வெறும் ‘வெயிட்’டை அடுத்து அழிக்கும் கட்டளை எதுவும் நிற்கிறதா என்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.