கூரைக்குப் பணம் தருவது யார்?

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பேஸ்பால் பருவம் கடும் பனிப்பொழிவோடு தொடங்கியது. சொந்த மைதானத்தில் நடக்கவிருந்த முதல் தொடர் பனியால் கைவிடப்பட்டது. அடுத்த மூன்று ஆட்டங்கள் மில்வாக்கி நகருக்கு மாற்றப்பட்டன. மில்வாக்கியும் குளிர் நகரம்தான். ஆனால், அங்குள்ள மைதானத்துக்குத் திறந்து மூடும் கூரை இருந்தது.

இந்த நிகழ்வு இன்று நினைவுகூரத்தக்கது. 30 அணிகள் கொண்ட வட அமெரிக்க பேஸ்பால் லீக், மேலும் இரண்டு அணிகளைச் சேர்க்க எண்ணுகிறது. 2029 ஜனவரியில் தாம் ஓய்வு பெறுவதற்குள் அவற்றுக்கான நகரங்களைத் தேர்ந்தெடுத்துவிட லீகின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் விரும்புகிறார். போட்டியிலுள்ள நகரங்களில் பனிமலைகள் சூழ்ந்த சால்ட் லேக் சிட்டியும் ஒன்று. கனடாவின் மான்ட்ரியால் பெயரும் அவ்வப்போது அடிபடுகிறது. குளிர் நகரங்களுக்கு பேஸ்பால் ஒத்துவருமா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்கக் கால்பந்து அணி ஒரு பருவத்தில் எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களையே சொந்த ஊரில் ஆடுகிறது. ரசிகர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு அதை ஒரு திருவிழாவைப் போலக் கொண்டாடிவிடலாம். பேஸ்பால் அணிக்கோ சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டங்கள். ஏப்ரல் மாதத்து வேலைநாளின் இரவில், உறைநிலையை நெருங்கும் குளிரில், மூன்று மணி நேரம் உட்கார எத்தனை பேர் காசு கொடுத்து வருவார்கள்? பருவத்தின் முதல் சில வாரங்களில் குளிர் நகர அணியின் வருவாய் குறையவே செய்யும்.

ஆனால், அணியின் வாழ்வையும் வீழ்ச்சியையும் குளிர்தான் தீர்மானிக்கிறது என்பதற்கு வரலாற்றில் சான்று இல்லை. 1977 ஏப்ரல் 7 அன்று டொராண்டோ அணி தன் முதல் ஆட்டத்தைப் பனிபடர்ந்த திறந்தவெளி மைதானத்தில் ஆடியது. 44,000-க்கும் மேற்பட்டோர் திரண்டுவந்து பார்த்தனர். 1991-ல், கூரையுள்ள புதிய மைதானத்தில், ஒரே பருவத்தில் 40 லட்சம் பார்வையாளர்களைக் கண்ட முதல் அணி என்ற பெருமையை அதே அணி பெற்றது.

மான்ட்ரியாலின் கதை இன்னும் தெளிவானது. 1969-ல் தொடங்கிய அந்நகரின் எக்ஸ்போஸ் அணி, 1979-க்கும் 1983-க்கும் இடையே நான்கு பருவங்களில் தலா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களை ஈர்த்தது. அப்போது ஒலிம்பிக் மைதானத்தின் கூரை முடிக்கப்படவே இல்லை. கூரை 1987-ல் வந்தது. 2001-ல் பார்வையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 6.4 லட்சமாகச் சரிந்தது. இடையில் மாறியது வானிலை அன்று. 1994-ல் 74 வெற்றிகளுடன் அணி லீகிலேயே முன்னிலையில் இருந்தபோது வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவம் பாதியில் முடிந்தது. அடுத்த ஆண்டு முன்னணி வீரர்களை உரிமையாளர்கள் விட்டுக்கொடுத்தனர். சம்பளம் அமெரிக்க டாலரில், வருவாய் மதிப்பிழந்த கனடா டாலரில். 2000-ல் ஆங்கிலத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்போ வானொலி ஒலிபரப்போ இல்லை. நம்பிக்கை இழந்த ரசிகர்கள் விலகினர். 2005-ல் அணி வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்தது.

வெப்ப நகரங்களின் நிலை மட்டும் மேலானதா? டெக்சாஸின் ஆர்லிங்டனில் 1994-ல் திறந்த மைதானம், கோடை வெயிலைத் தாங்க முடியாமல் 2020-ல் கூரையுள்ள மைதானத்துக்கு வழிவிட்டது. மயாமியில் பெரும்பாலும் பொதுப் பணத்தில், கூரையோடு 2012-ல் எழுந்த மைதானத்துக்கு, இரண்டாம் ஆண்டில் 16 லட்சம் பேர்கூட வரவில்லை. ஆக, குளிர் என்பது தகுதிக் குறைவு அன்று. அது ஒரு செலவு. வெயிலுக்கும் மழைக்கும் உள்ளதைப் போலவே அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்துவது யார் என்பதே உண்மையான கேள்வி.

மில்வாக்கி இதற்கு நல்ல பாடம். லீகிலேயே மிகச் சிறிய தொலைக்காட்சிச் சந்தையைக் கொண்ட அந்நகரின் அணி ஆண்டுதோறும் கூட்டத்தை ஈர்க்கிறது. ஆனால், 2001-ல் திறக்கப்பட்ட மைதானத்துக்காக ஐந்து மாவட்ட மக்கள் 1996 முதல் 2020 வரை 0.1 சதவீதக் கூடுதல் விற்பனை வரி செலுத்தினர். அந்த வரிக்கு ஆதரவாகக் கடைசி நேரத்தில் வாக்களித்த மாநில செனட் உறுப்பினர் ஜார்ஜ் பெட்டாக்கை வாக்காளர்கள் 1996-ல் பதவியிலிருந்து திரும்ப அழைத்தனர். வரி முடிந்த மூன்றே ஆண்டுகளில், பராமரிப்புக்கென்று ஏறத்தாழ 50 கோடி டாலர் பொதுப் பணம் மீண்டும் ஒதுக்கப்பட்டது. டொராண்டோவில் ஏறத்தாழ 57 கோடி கனடா டாலர் செலவில் எழுந்த மைதானத்தை, அணியின் உரிமையாளரான ரோஜர்ஸ் நிறுவனம் வெறும் 2.5 கோடி கனடா டாலருக்கு வாங்கியது.

மைதானம் வந்தால் நகரம் வளரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். பெரும்பாலான பொருளியல் ஆய்வுகள் இதை ஏற்பதில்லை. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் தொகை ஓரளவு வரம்புக்குட்பட்டது. மைதானத்தில் செலவிடும் பணம் பெரும்பாலும் அதே ஊரின் உணவகத்துக்கோ திரையரங்குக்கோ போயிருக்கக் கூடியதே. பணம் இடம் மாறுகிறது, பெருகுவதில்லை.

யூட்டா மாநிலச் சட்டமன்றம், அணி கிடைப்பதற்கு முன்னதாகவே, சால்ட் லேக் சிட்டி மைதானத்துக்கு 90 கோடி டாலர் வரை பொது நிதிக்கு 2024-ல் வழிசெய்துவிட்டது. அங்கு பேஸ்பால் தழைக்கலாம். குளிர் அதற்குத் தடையாகாது. ஆனால், நுழைவுச் சீட்டு, ஒளிபரப்பு, பெயர் உரிமை என வருவாய் யாவும் உரிமையாளருக்குச் செல்லுமானால், கூரையின் செலவையும் அவரே ஏற்பதுதான் முறை. அவர் ஏற்க மறுத்தால், அந்நகரின் குளிரைப் பற்றி அவரே தம் கணக்கைச் சொல்லிவிட்டார் என்று பொருள். அந்தக் கணக்கை வரி செலுத்துவோர் மதிப்பது நல்லது.