ஊர் ரெண்டுபட்டால்...

வட கொரியா என்றதும் "யார்கூடவும் சேராத கிறுக்கு நாடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கென்னவோ அப்படித் தோணலை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை இவங்களை விட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கிடையாது.

1961 ஜூலையைப் பாருங்க. சோவியத்தும் சீனாவும் முறைச்சுக்கிட்டு இருந்த நேரம். கிம் இல் சுங் ஒரே வாரத்தில் இருவரோடும் ராணுவ ஒப்பந்தம் போட்டார்! 2006-ல் அணுகுண்டு சோதித்தபோது சீனாவே ஐ.நா.வில் தடைக்குக் கை தூக்கியது. ஆனா கதவை முழுசா சாத்தலை. கிம் ஆட்சி கவிழ்ந்தால் அமெரிக்கப் படை யாலு ஆற்றங்கரைக்கே வந்துடுமோன்னு பயம். 2018-ல் சிங்கப்பூரில் டிரம்ப்போடு கைகுலுக்கல். 2019-ல் ஹனோயில் பேச்சு முறிந்தது. 2024-ல் புதினோடு ஒப்பந்தம், உக்ரைனுக்கு எதிராகப் போரிட ரஷ்யாவுக்குப் படை.

சாமர்த்தியம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கொண்டாட்டத்துல ஜனங்களுக்கு என்ன பங்கு? 1990-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்தப் பட்டினிக்கு நடுவிலேயே, 1998-ல், ஜப்பானுக்கு மேலே ராக்கெட் பறந்தது. வெளியே தடை போட்டாலும் அடி அவங்களுக்குத்தான்.

தனிமைப்பட்டுக் கிடப்பது அந்த அரசு இல்லைங்க, அந்த ஜனங்க.