‘அப்புறம் எழுதலாம்’ என்பவர்களுக்கு

இறுதியாண்டு படிக்கும் பிள்ளை கதை எழுதுகிறது என்று தெரிந்தால் இப்போதெல்லாம் வீட்டில் யாரும் திட்டுவதில்லை. “முதல்ல ஒரு வேலையில உக்காரு. அப்புறம் எழுது, யாரு வேண்டாங்கிறா?” என்று பரிவாகத்தான் சொல்கிறார்கள். அப்பா சொல்கிறார், துறைத்தலைவர் சொல்கிறார், ஊருக்குப் போனால் சித்தப்பாவும் சொல்கிறார். இருபது வருடமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். நன்றாக எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பரிவான பேச்சைக் கேட்டுத்தான் பேனாவை மூடி வைத்தார்கள்.

வேலை தேடச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. தமிழில் எழுத்தை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. 300 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் 30 ரூபாய். 500 பிரதி விற்றால் 15,000. அதுவும் விற்றால்தான், கணக்கு ஒழுங்காக வந்தால்தான். கல்விக்கடன் கழுத்தில் இருக்கும் பிள்ளையிடம் வேலைக்குப் போகாதே என்று சொல்வது பாவம். என் சண்டையெல்லாம் அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லோடுதான்.

அது என்றைக்கு வரும்? வேலை கிடைத்ததும் கடனை அடைக்க வேண்டும். பிறகு தங்கை கல்யாணம், தன் கல்யாணம், வீட்டுத் தவணை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வயலின் கற்க ஆசைப்படும் குழந்தையிடம் ‘செட்டில் ஆன பிறகு வில்லை எடு’ என்று யாராவது சொல்வார்களா? சின்ன வயதிலேயே கை படிய வேண்டும் என்பார்கள். எழுத்துக்கும் கை படிய வேண்டும். ஒரு வரியை எங்கே நிறுத்துவது, பாட்டி பேசும் பேச்சை அவள் மூச்சு கெடாமல் தாளில் எப்படி இறக்குவது என்பதெல்லாம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டால்தான் பிடிபடும்.

நாஞ்சில் நாடனை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு, ஊர்ப்பக்கம் வேலை கிடைக்காமல் பம்பாய்க்குப் போனவர். அங்கே வேலை பார்த்துக்கொண்டே எழுதிய முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வந்தது. வேலையில்லாத ஏழைப் பட்டதாரி ஒருவன் பணக்கார வீட்டுக்கு மருமகனாகிப் படும் அவமானம்தான் கதை. பட்டம் வாங்கியவன் வேலைக்கு அலையும் துயரம் ஆறிப்போவதற்குள் எழுதியதால்தான் அந்தப் பக்கங்கள் இன்றும் சுடுகின்றன. கால் நூற்றாண்டு கழித்து 2002இல் தங்கர் பச்சான் அதை ‘சொல்ல மறந்த கதை’ என்று படமாக எடுத்தபோதும் அந்தச் சூடு தணியவில்லை. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவனுக்கு அந்தக் கடைத்தெருவே கதையானது. இவர்கள் பிழைப்பை முடித்துவிட்டு எழுத உட்காரவில்லை.

கி. ராஜநாராயணன் முப்பது வயதுக்கு மேல்தானே எழுத வந்தார் என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் செட்டில் ஆவதற்காகக் காத்திருந்தவர் அல்ல. கரிசல்காட்டுச் சம்சாரிக்கு அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

இன்னும் சிலர் புதுமைப்பித்தனைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 1948இல் காசநோயில், 42 வயதில் இறந்தார், எழுதினால் இதுதான் கதி என்று. எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான். அவர் இறந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான், 2002இல், தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. உயிரோடு இருந்தபோது எழுத்துக்கு உரிய கூலி தராத சமூகத்தின் குற்றத்தை, இன்று எழுத வரும் பிள்ளையின் தலையில் ஏன் கட்டுகிறோம்?

போன வாரம் என் மாணவி ஒருத்தி கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்றாவது முறையாகத் தேறவில்லை. குரூப் டிஸ்கஷனில் பேச வேண்டிய பதில் தமிழில் தெளிவாக இருந்ததாம். அது ஆங்கிலமாவதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விட்டது. அக்காவின் சுடிதார் தோளில் தொளதொளத்ததும், காத்திருந்த அறையில் பேசாமல் ஒரே தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்ட மூன்று பெண்களும் அவளுக்கு அப்படியே நினைவிருக்கின்றன. நாற்பது வயதில் இதில் எது மிஞ்சும்? “இதை எழுதும்மா” என்றேன். “வேலை கிடைக்கட்டும் சார், அப்பா சொல்லியிருக்காரு” என்றாள்.

அந்த அப்பாவிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இன்டர்வியூ திங்கட்கிழமை. அதற்கு அவள் தயாராகட்டும், சனிக்கிழமை முழுக்கப் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவளை எழுத விடுங்கள்.