வக்கீலுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை?

"எழுதினவர் என்ன படிச்சிருக்கார்?" தடுப்பூசி பற்றியோ பூச்சிமருந்து பற்றியோ யார் எழுதினாலும் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி இதுதான். என்ன எழுதியிருக்கிறார் என்பது அப்புறம். பல நாள் அந்த அப்புறம் வருவதே இல்லை.

இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் தமிழில் அறிவியல் எழுத்து என்ன ஆகியிருக்கும்? பெ.நா. அப்புஸ்வாமி தொழிலால் வக்கீல். 1891-இல் பிறந்து 1986 வரை இருந்தவர். அந்த நீண்ட ஆயுளில் பெரும்பகுதியை விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லவே செலவழித்தார். மா. கிருஷ்ணனும் சட்டம் படித்தவர்தான். 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் காட்டுயிர்களைப் பற்றி எழுதினார். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். (நானும் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவன், இதை எழுதும்போது ஒரு தனி குஷி!)

சரி, படித்தவர்களையாவது விட்டார்களா? ரேச்சல் கார்சன் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1962-இல் அவருடைய 'மௌன வசந்தம்' வந்ததும், இவர் ரசாயனம் படித்தவரா என்று பூச்சிமருந்துத் தரப்பு கிளம்பியது. பத்தே வருஷத்தில், 1972-இல், அமெரிக்காவில் பயிர்களுக்கு டி.டி.டி. தெளிக்கத் தடை வந்துவிட்டது.

மறுபக்கம் லைனஸ் பாலிங். ரசாயனத்துக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று என இரண்டு நோபல் பரிசு. வைட்டமின் சி-யை ஏராளமாகச் சாப்பிட்டால் ஜலதோஷம் அண்டாது, புற்றுநோய்க்கும் நல்லது என்றார். மாயோ மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தபோது புற்றுநோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. பரிசைப் பார்த்து மாத்திரை வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

அதற்காக வாட்ஸப்பில் வரும் கஷாய வைத்தியத்தை எல்லாம் நம்பச் சொல்லவில்லை. அங்கேயும் கேட்க வேண்டியது "எப்படித் தெரியும்?" என்பதைத்தான்.

போன மாதம் எங்கள் ஏரியில் சாக்கடை கலப்பதைப் பற்றி ஒரு தையல்காரர் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். எந்தத் தேதி, எந்த மதகு, தண்ணீர் என்ன நிறம், மீன் எங்கே செத்து மிதந்தது, எல்லாம் அதில் இருந்தது. நம் பெரியவர்கள் அதை மடித்து வைத்துவிட்டு, "இவன் கெமிஸ்ட்ரி படிச்சானா?" என்று சிரித்தார்கள். ஐயா, அவர் சொன்னது பொய் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்களேன். நீங்கள் தினம் உட்காரும் பெஞ்சிலிருந்து அந்த மதகு பத்து நிமிஷ நடைதான்.